படத்தின் முதுகு எங்கே இருக்கிறது?

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பரண் மேலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். என் அம்மாச்சியின் பெட்டி. மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. பட்டுப்புடவை ஒன்று, பித்தளைச் செம்பு ஒன்று, அவற்றுக்கு அடியில் பழைய புகைப்படங்கள் ஒரு கட்டு. ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒரு படத்தில் மூன்று பெண்கள் ஸ்டூடியோவில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு திரை. அதில் ஒரு தூணும் படிக்கட்டும் ஒரு பூந்தொட்டியும் வரைந்திருக்கின்றன. படத்தைத் திருப்பினால் முதுகில் நீல மையில் தாத்தாவின் கையெழுத்து: 10-4-59, பெரியகுளம், இடமிருந்து வலமாக மூன்று பெயர்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆனால் அந்த ஒன்றரை வரியைப் படித்ததும் மூன்று பேரும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அடுத்த படத்தில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. திருப்பினோம். முதுகு வெறுமையாக இருந்தது. என் அம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "பார்த்த முகமாத்தான் இருக்கு, யாருன்னு பிடிபடலையே" என்றார். கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மாச்சி இல்லை, தாத்தாவும் இல்லை.

அக்கா மகள் இரண்டு படங்களையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவின் போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, போன்ல எடுத்த படத்துக்கு முதுகு எங்க இருக்கு?"

எவ்வளவு நல்ல கேள்வி! போனில் எடுத்த படத்துக்கும் முதுகு உண்டு. படத்துக்குப் பின்னால் இல்லை, படத்துக்கு உள்ளேயே இருக்கிறது. படம் எடுத்த அதே நொடியில் கேமராவே அதில் குறிப்பு எழுதிவிடுகிறது. இதை மெட்டாடேட்டா என்பார்கள். தமிழில் மீதரவு. படம் ஒரு தகவல் என்றால், அந்தப் படத்தைப் பற்றிய தகவல் மீதரவு.

அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். கணினிக்குப் படம் என்பது எண்களின் நீண்ட வரிசை. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரைக்குள் இருக்கும். இப்படிப்பட்ட ஓர் எண்ணுக்குப் பைட் என்று பெயர். உங்கள் போனில் இருக்கும் ஒரு படம் ஏறத்தாழ முப்பது நாற்பது லட்சம் பைட்டுகள் கொண்டது. ஜேபெக் வகைப் படமாக இருந்தால், உலகில் யார் எடுத்திருந்தாலும், எந்தக் கேமராவில் எடுத்திருந்தாலும், அந்த வரிசை 255, 216 என்றுதான் தொடங்கும். "நான் ஒரு ஜேபெக் படம்" என்று அது சொல்லும் வணக்கம் இது. முடியும்போது 255, 217.

கேமரா எழுதிய படமாக இருந்தால் பெரும்பாலும் வணக்கத்தை அடுத்து 255, 225 வரும். "இனி வருவது படம் அல்ல, குறிப்பு" என்று அதற்குப் பொருள். அடுத்த இரண்டு பைட்டுகள் குறிப்பு எவ்வளவு நீளம் என்று சொல்லும். அதன் பிறகு 69, 120, 105, 102 என்ற நான்கு எண்கள். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் உண்டல்லவா? அந்தக் கணக்கில் இந்த நான்கையும் எழுத்தாக மாற்றினால் "எக்ஸிஃப்" என்று வரும்.

எக்ஸிஃப் என்பது ஓர் ஒப்பந்தத்தின் பெயர். டிஜிட்டல் கேமராக்கள் கடைக்கு வரத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி குறிப்பெழுதினால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாமல் போகும். ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கம் ஒன்று 1995இல் "எல்லோரும் இந்த வரிசையில், இந்த முறையில் எழுதுவோம்" என்று விதி வகுத்து வெளியிட்டது. அதனால்தான் இன்றைக்கு நீங்கள் எந்தப் போனில் எடுத்த படத்தையும் எந்தக் கணினியிலும் திறந்து அதன் குறிப்பைப் படிக்க முடிகிறது. சில போன்கள் ஜேபெக்குக்குப் பதிலாக ஹெய்க் என்ற வகையில் படத்தைச் சேமிக்கின்றன. அதற்குள்ளும் இதே எக்ஸிஃப்தான் இருக்கிறது.

இந்த விதியில் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். கேமராவைச் செய்த நிறுவனத்துக்கு 271, கேமராவின் மாடலுக்கு 272, படம் எடுத்த நேரத்துக்கு 36867. கேமரா "36867" என்று எழுதி, பக்கத்தில் நேரத்தைக் குறிக்கும். படிக்கும் மென்பொருள் அந்த எண்ணைப் பார்த்ததும் "ஓ, இது படம் எடுத்த நேரம்" என்று புரிந்துகொண்டு, தமிழ்ப் போனில் தமிழிலும் ஜப்பானியப் போனில் ஜப்பானிய மொழியிலும் காட்டும். எண்ணுக்கு மொழி கிடையாது பாருங்கள்!

குறிப்பு முழுவதும் 65,535 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். இரண்டு பைட்டுகளைக் கொண்டு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அதுதான். நீளத்தைச் சொல்ல ஒதுக்கிய இடமும் இரண்டே பைட்தான். நாற்பது லட்சம் பைட் படத்தோடு ஒப்பிட்டால், குறிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. தாத்தா படத்தின் முதுகில் ஓர் ஓரமாக எழுதிய ஒன்றரை வரி போலத்தான்.

சரி, படித்துப் பார்க்கலாம். போனில் ஒரு படத்தைத் திறந்து திரையை மேல்நோக்கித் தள்ளுங்கள், அல்லது வட்டத்துக்குள் இருக்கும் சிறு தகவல் குறியைத் தொடுங்கள். விண்டோஸ் கணினி என்றால் படத்தின் மீது வலது கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்" போய், "டீட்டெய்ல்ஸ்" என்பதைத் திறக்க வேண்டும். அக்கா மகள் அரையாண்டு விடுமுறையில் தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்த ஒரு படத்தைத் திறந்தாள். படம் கொஞ்சம் மங்கல். கோயில் தெளிவாக இருந்தது. முன்னால் நடந்துபோனவர்கள் மட்டும் கலங்கித் தெரிந்தார்கள். ஏன் என்று அவளுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

நேரம் இப்படி இருந்தது: 2024:12:26 18:12:40. தேதிக்கு நடுவிலும் முக்காற்புள்ளி! எக்ஸிஃப் விதி அப்படித்தான் எழுதச் சொல்கிறது. மாலை 6 மணி 12 நிமிடம். டிசம்பர் கடைசியில் தஞ்சாவூரில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆக, இது பொழுது சாய்ந்த பிறகு எடுத்த படம்.

அடுத்து 33434ஆம் எண். கேமராவின் கண் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதைச் சொல்வது. அங்கே 1/15 என்று இருந்தது. ஒரு நொடியைப் பதினைந்து துண்டாக்கி, அதில் ஒரு துண்டு நேரம். கணக்குப் பாடத்தில் பின்னம் எதற்கு என்று யாராவது அலுத்துக்கொண்டால் இந்த இடத்தைக் காட்டுங்கள். 1-ஐ 15ஆல் வகுத்துத் தசமமாக எழுதினால் 0.0666 என்று முடிவே இல்லாமல் போகும். எங்கே நிறுத்தினாலும் கொஞ்சம் பிழை. ஆனால் மேலே 1, கீழே 15 என்று இரண்டு முழு எண்களாக வைத்துவிட்டால் துளிப் பிழை கிடையாது. எக்ஸிஃப் இதை அப்படியே பின்னமாகத்தான் சேமிக்கிறது.

இப்போது மங்கலுக்குக் காரணம் கண்டுபிடிப்போம். சாதாரணமாக நடப்பவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் போவார். அதில் பதினைந்தில் ஒரு பங்கு 8 சென்டிமீட்டர். கேமரா கண் திறந்து மூடுவதற்குள் அவர் 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டார்! அந்த நகர்வுதான் படத்தில் இழுத்த கோடாக விழுந்திருக்கிறது. இதே காட்சியை நண்பகல் வெயிலில் எடுத்திருந்தால் போனே 1/1000 என்று வைத்திருக்கும். அதற்குள் அவர் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் நகர்ந்திருப்பார். படம் பளிச்சென்று வந்திருக்கும்.

"அப்ப என் கை நடுங்கல!" என்றாள் அவள். இரண்டு மாதமாக அண்ணன் அவளை அப்படிச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருந்தானாம்.

274ஆம் எண்ணும் சுவாரசியமானது. போனைச் சாய்த்துப் பிடித்தீர்களா, நிமிர்த்திப் பிடித்தீர்களா என்பதை அது சொல்கிறது. 1 என்றால் படம் நேராக இருக்கிறது, 6 என்றால் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று திருப்பிக் காட்ட வேண்டும், 3 என்றால் தலைகீழ். போன் லட்சக்கணக்கான பைட்டுகளை இடம் மாற்றாமல் இந்த ஓர் எண்ணை மட்டும் எழுதிவிட்டு, "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று சொல்லிவிடும். கணினிக்கு மாற்றிய படம் சில நேரம் படுத்துக்கொண்டு வருகிறதே, அந்த மென்பொருள் 274ஐப் படிக்கத் தவறிவிட்டது என்று அர்த்தம்.

எது மேல், எது கீழ் என்பது விண்வெளியில் இன்னும் பெரிய சிக்கல். 1972 டிசம்பர் 7ஆம் தேதி நிலவுக்குப் போகும் வழியில் அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து எடுத்த முழு பூமியின் படத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நீலப் பளிங்குக் கோலி என்று பெயர் பெற்ற படம். கேமராவில் விழுந்தபடி பார்த்தால் அதில் தென் துருவம் மேலே இருக்கிறது. நமக்கு வடக்கு மேலே இருந்துதான் பழக்கம் என்பதால் திருப்பி வெளியிட்டார்கள். அது ஃபிலிம் காலம். எந்தச் சுருளில் எத்தனையாவது படம் என்று ஒவ்வொன்றுக்கும் நாசா எண் கொடுத்து வைத்திருக்கிறது: இது 148ஆவது ஃபிலிம் பெட்டியில் 22727. ஆனால் ஒரே ஒரு தகவல் மட்டும் எழுதப்படவில்லை. யார் எடுத்தது? செர்னன், இவான்ஸ், ஷ்மிட் என்று மூன்று வீரர்கள் அந்தக் கேமராவை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். உலகத்தில் மிக அதிகம் பேர் பார்த்த படங்களில் ஒன்றுக்கு, எடுத்தவர் என்று ஒருவர் பெயரைப் போட முடியாமல் நாசா இன்றைக்கும் மூன்று பேரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. இன்றைய எக்ஸிஃபில் எடுத்தவர் பெயருக்கென்றே 315 என்று ஓர் எண் இருக்கிறது.

கேமரா சொல்வதெல்லாம் உண்மையா? இல்லை. கேமரா பொய் சொல்லாது, ஆனால் ஏமாந்துபோகும். உங்களுக்கு ஒரு புதிர். சிங்கப்பூர் கடற்கரையில் ஒருவர் டிஜிட்டல் கேமராவில் சூரிய உதயத்தைப் படம் எடுக்கிறார். குறிப்பைப் பார்த்தால் அதிகாலை 4:30 என்று இருக்கிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் ஊர், ஆண்டு முழுவதும் ஏழு மணியையொட்டித்தான் அங்கே சூரியன் உதிக்கும். நாலரை மணிக்கு எப்படி உதித்தது?

அடுத்த வரியைப் படிக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர் சென்னையிலிருந்து கேமராவைக் கொண்டுபோனவர். அங்கே போய் இறங்கியதும் கேமராவின் கடிகாரத்தை மாற்ற மறந்துவிட்டார். அங்கே 7:00, கேமராவில் 4:30. எக்ஸிஃப் தொடங்கி இருபது ஆண்டுகள் வரை "இது எந்த நாட்டு நேரம்" என்று எழுதுவதற்கு அதில் இடமே இல்லை. 2016இல்தான் அதற்கென்று புதிய எண்களைச் சேர்த்தார்கள். ஜிபிஎஸ் உள்ள போன் என்றால் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. ஜிபிஎஸ் தன் நேரத்தை எப்போதும் உலகப் பொது நேரத்தில் எழுதும். தஞ்சாவூர்ப் படத்தில் கேமரா நேரம் 18:12, ஜிபிஎஸ் நேரம் 12:42. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி. அது இந்திய நேரம்!

பேட்டரி இல்லாமல் பல மாதம் பெட்டியில் கிடந்த கேமரா இதைவிட மோசம். தேதியையே மறந்து, தொழிற்சாலையில் வைத்த தொடக்கத் தேதிக்குத் திரும்பிவிடும். இதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு. அந்தக் கேமராவால் சரியான நேரம் காட்டும் போன் திரையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்குள் தெரியும் நேரத்துக்கும், முதுகில் எழுதிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவையும் மற்ற எல்லாப் படங்களிலும் கூட்டிவிட்டால் சரியாகிவிடும். ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி என்பவர் 2003 முதல் உருவாக்கி இலவசமாகக் கொடுத்துவரும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள், ஆயிரம் படங்களின் நேரத்தையும் ஒரே கட்டளையில் நகர்த்திவிடும்.

இனி இடம். தஞ்சாவூர்ப் படத்தில் அட்சக்கோடு 10 பாகை 46 நிமிடம் 58 விநாடி வடக்கு, தீர்க்கக்கோடு 79 பாகை 7 நிமிடம் 54 விநாடி கிழக்கு என்று இருந்தது. இங்கே நிமிடம், விநாடி என்பவை நேரம் அல்ல. ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் நிமிடம், அதை மறுபடி 60ஆகப் பிரித்தால் விநாடி. வரைபடத்தில் தேட இதைத் தசமமாக்க வேண்டும்: 46-ஐ 60ஆல் வகுத்தால் 0.76667, 58-ஐ 3600ஆல் வகுத்தால் 0.01611. இரண்டையும் 10உடன் கூட்டினால் 10.78278. தீர்க்கக்கோட்டுக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், 79.13167 வர வேண்டும். இரண்டு எண்களையும் நடுவில் ஒரு காற்புள்ளி வைத்து எந்த வரைபடச் செயலியில் போட்டாலும் பெரிய கோயிலில் கொண்டுபோய் விடும்.

அந்தக் கோயிலைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாம் ராஜராஜன் தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டில், 275ஆம் நாளில், கோயிலின் உச்சிக்குக் கலசம் கொடுத்தான். இவ்வளவு துல்லியமாக நமக்கு எப்படித் தெரியும்? கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயிலில் ஆடல் பாடலுக்கென்று 400 பெண்களைக் குடியமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும்கூடக் கல்லில் இருக்கின்றன. தனியாக ஓலையில் எழுதி வைத்திருந்தால் ஆயிரம் ஆண்டில் செல்லரித்துப் போயிருக்கும். எந்தப் பொருளைப் பற்றிய குறிப்போ, அந்தப் பொருளின் உடம்பிலேயே எழுதிவிட்டால் இரண்டும் பிரியாது. எக்ஸிஃபும் அதைத்தான் செய்கிறது.

ஆனால் பிரியாமல் கூடவே போவதால் ஒரு கவலையும் இருக்கிறது. அட்சக்கோட்டில் ஒரு விநாடி என்பது தரையில் சுமார் 31 மீட்டர். போன் விநாடியையும் துண்டு துண்டாக்கி எழுதுவதால், திறந்த வெளியில் எடுத்த படம் ஏறத்தாழ 5 மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நம் வீட்டு வாசலில் பூனைக்குட்டியைப் படம் எடுத்து முன்பின் தெரியாதவருக்கு அனுப்பினால், பூனைக்குட்டியோடு வீட்டு விலாசமும் போய்ச்சேரலாம். வீட்டிலும் பள்ளியிலும் எடுத்த படத்தை வெளியாட்களுக்கு அனுப்பும் முன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். பெரும்பாலான போன்களில் அதற்கு வசதி இருக்கிறது, தெரியாவிட்டால் பெரியவர்களைக் கேளுங்கள். படத்தின் ஓரத்தை வெட்டி எறிந்தாலும் முழுப் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். எக்ஸிஃபுக்குள் படத்தின் தபால்தலை அளவு நகல் ஒன்றும் இருப்பது வழக்கம். படத்தை வெட்டிய பிறகும் வெட்டாத பழைய நகல் உள்ளேயே தங்கிவிட்டது நடந்திருக்கிறது.

விலங்குகளுக்கும் இதே ஆபத்துதான். நம் நட்சத்திர ஆமையைப் பாருங்கள். ஓட்டின் அழகுக்காகவே பிடித்து வெளிநாடுகளுக்குக் கடத்துகிறார்கள். அதைப் பார்த்த இடத்தை ஊருக்கெல்லாம் சொல்வது கடத்தல்காரருக்கு வழி காட்டுவதாகிவிடும். உயிரினப் படங்களைச் சேகரிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம் 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. நீங்கள் ஒரு பட்டாம்பூச்சிப் படத்தை ஏற்றினால், எக்ஸிஃபைப் படித்து நாளையும் இடத்தையும் அதுவே நிரப்பிக்கொள்ளும். நாளும் இடமும் சேர்ந்தால்தான் பட்டாம்பூச்சிப் படம் ஆராய்ச்சிக்கு உதவும் சான்றாகிறது. ஆனால் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர் என்றால், உண்மையான இடத்தை மறைத்து, சுமார் 22 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஓர் இடத்தில் புள்ளி வைத்துக் காட்டும். ஆராய்ச்சிக்கும் உதவுகிறது, ஆமைக்கும் பாதுகாப்பு. இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குறிப்பு நம்மை அறியாமலே தொலைந்துபோவது வேறு கதை. என் தம்பி கல்யாணத்தில் எட்டுப் பேர் போனில் படம் எடுத்தார்கள். எல்லோரும் மெசேஜ் செயலியில் எனக்கு அனுப்பினார்கள். கணினியில் போட்டு வரிசைப்படுத்தினால், நிச்சயதார்த்தம், முகூர்த்தம், பந்தி எல்லாம் ஒரே ராத்திரியில் பத்து நிமிடத்துக்குள் நடந்ததாகக் காட்டியது! அனுப்பும்போது செயலி படத்தைச் சுருக்கி, முதுகில் எழுதியிருந்ததைத் துடைத்துவிட்டிருக்கிறது. மிஞ்சியது படங்கள் எனக்கு வந்துசேர்ந்த நேரம் மட்டும்தான். தாலி கட்டியது எத்தனை மணிக்கு என்று இன்றைக்கு அந்தப் படங்களிலிருந்து சொல்ல முடியாது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே படத்தை வீட்டில் இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு முறை அனுப்புங்கள். முதலில் வழக்கம்போலப் படமாக, பிறகு "டாக்குமென்ட்" என்பதன் வழியாக. இரண்டையும் இறக்கி, டீட்டெய்ல்ஸைத் திறந்து பாருங்கள். படமாகப் போனதில் கேமராவும் இல்லை, இடமும் இல்லை. டாக்குமென்டாகப் போனதில் எல்லாம் பத்திரமாக இருக்கும். பைட் அளவையும் ஒப்பிடுங்கள், எது இளைத்துப்போயிருக்கிறது என்று தெரியும். பூனைக்குட்டிக்குத் துடைப்பது நல்லது, கல்யாணத்துக்குத் துடைக்காமல் இருப்பது நல்லது. எப்போது எது வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம், வழி தெரிந்திருந்தால்.

கேமராவால் எழுத முடியாத ஒன்று இருக்கிறது. நேரம் எழுதும், இடம் எழுதும், கண் திறந்திருந்த நேரத்தைப் பின்னமாக எழுதும். மூன்று பெண்களின் பெயரை எழுதாது. அதைத் தாத்தா போல ஒருவர் உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு.

படத்தின் விளக்கத்துக்கு எக்ஸிஃப் கொடுத்திருக்கும் எண் 270. ஆனால் அதில் தமிழில் எழுத நெடுங்காலம் விதி இடம் தரவில்லை. 0 முதல் 127 வரை எண் உள்ள எழுத்துகளுக்கு மட்டும்தான் அனுமதி. ஆங்கில எழுத்துகள் அதற்குள் அடங்கிவிடும். நம் "அ"வின் யூனிகோட் எண் 2949! எப்படி நுழையும்? 2023இல் வந்த எக்ஸிஃப் 3.0தான் உலகின் எல்லா எழுத்துக்கும் கதவைத் திறந்தது. அதற்கு முன்பே, 2001இல் அடோபி நிறுவனம் எக்ஸ்எம்பி என்று இன்னொரு குறிப்பு முறையைக் கொண்டுவந்திருந்தது. அதுவும் படத்துக்குள்ளேயே உட்காரும், எக்ஸிஃபுக்குப் பக்கத்தில். அதில் முதலிலிருந்தே தமிழ் எழுதலாம். "அம்மா" என்று தமிழில் எழுதினால் 15 பைட் ஆகும், ஆங்கில எழுத்தில் எழுதினால் 4 பைட். நாற்பது லட்சம் பைட் படத்தில் பதினைந்து பைட் நம் எழுத்துக்காகச் செலவழித்தால் என்ன குறைந்துவிடப்போகிறது! டிஜிகேம் போன்ற இலவச மென்பொருள்களில் படத்தின் கீழே தமிழில் தட்டச்சு செய்தால் படத்துக்குள் எழுதிவிடும். சில போன் செயலிகளில் நாம் எழுதும் விளக்கம் படத்துக்குள் போகாமல் அந்தச் செயலியின் கணக்கிலேயே தங்கிவிடும். எனவே எழுதிய பிறகு படத்தைக் கணினிக்கு நகல் எடுத்து, விளக்கமும் கூட வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே டிரங்குப் பெட்டிப் படங்களை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தோம். படத்தின் முன்பக்கம் ஒரு முறை, முதுகு ஒரு முறை. தாத்தாவின் கையெழுத்தும் படம்தானே! ஸ்கேன் செய்து முடித்ததும் அக்கா மகள் சிரித்தாள். 1959இல் எடுத்த படத்தின் கோப்பில் இன்றைய தேதி இருந்தது. ஸ்கேனருக்குத் தெரிந்தது அது ஸ்கேன் செய்த நாள் மட்டும். படம் எடுத்த நாளை 1959 ஏப்ரல் 10 என்று மாற்றி, விளக்கத்தில் மூன்று பெயர்களையும் இடமிருந்து வலமாகத் தமிழில் எழுதினாள்.

கைக்குழந்தைப் படம் வந்தது. நாள் தெரியாது, பெயர் தெரியாது. "இதை என்ன மாமா எழுதுறது?" என்று கேட்டுக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு முகத்தைவிட்டு நகர்ந்து பின்னால் போனாள்.

"மாமா, இந்தத் தொட்டியப் பாருங்க."

பெண்ணின் தோளுக்குப் பின்னால் திரையில் வரைந்த பூந்தொட்டி. அதன் விளிம்பில் ஒரு கிழிசல், தைத்த தடம். 1959 படத்தைப் பக்கத்தில் வைத்தோம். அதே தூண், அதே படிக்கட்டு, அதே தொட்டி. தொட்டியில் அதே இடத்தில் கிழிசல் இருந்தது, ஆனால் தைக்கவில்லை. இரண்டும் ஒரே ஸ்டூடியோ. கைக்குழந்தைப் படம் திரையைத் தைத்த பிறகு எடுத்தது, அதாவது 1959 ஏப்ரலுக்குப் பிந்தியது.

அவள் தட்டச்சு செய்தாள்: "பெயர் தெரியவில்லை. பெரியகுளம் ஸ்டூடியோ. 10-4-1959க்குப் பிறகு. திரையில் உள்ள கிழிசலை வைத்துக் கண்டுபிடித்தது." எக்ஸ்எம்பியில் நாளும் மாதமும் தெரியாவிட்டால் ஆண்டை மட்டும் போடலாம். ஆண்டும் உறுதியில்லை என்பதால் தேதிக் கட்டத்தைக் காலியாகவே விட்டோம்.

பெரியகுளத்தில் என் அம்மாவின் பெரியம்மா மகள் இருக்கிறார். எண்பத்தாறு வயது, நல்ல ஞாபகசக்தி. அவர் பேரனுக்கு இந்தப் படத்தை அனுப்பி, காட்டிக் கேட்கச் சொல்லலாம் என்று அம்மா சொன்னார். நான் போனை எடுத்தேன்.

"மாமா, டாக்குமென்டா அனுப்புங்க" என்றாள் அக்கா மகள்.